கொற்கைக்கு அடியில் ஒரு விண்கலம்

"இதுல சயின்ஸ் ஃபிக்‌ஷனே கெடையாது மாமா. எல்லாம் சுத்த சங்க காலம்" என்றான் அக்கா மகன். பெங்களூரில் வேலை, லீவுக்குத் தூத்துக்குடி வந்திருக்கிறான். எங்களுக்கு நடுவே இரண்டு டம்ளர் டீ, ஒரு பொட்டலம் மக்ரூன், அவனுடைய நோட்டு, இருபது முகம் கொண்ட ஒரு பகடை. நோட்டை வாங்கிப் புரட்டினேன். சங்க காலம் இருந்தது. அதற்குள்ளே பிரான்சும் அமெரிக்காவும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று அவனுக்குக் காட்டியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக அந்த ஆட்டம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். கேம் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், திருடன், மந்திரவாதி என்று. "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை நடத்துபவர் சொல்வார். திறக்க முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். ஒரே ராத்திரியில் முடிகிற ஆட்டமில்லை. சில வீடுகளில் வருஷக்கணக்கில் ஓடும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூலம்தான் இது கடைக்கு வந்தது. கதை நடக்கிற உலகத்தை, அதன் நாடு, தெய்வம், காசு, மிருகம் எல்லாம் சேர்த்து, செட்டிங் என்கிறார்கள். நாம் களம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவன் போட்டிருக்கும் களம் கொற்கை. பாண்டியர் துறைமுகம், முத்துப்பார், தோணிகள், யவன வணிகர்கள். சுறாக்களை மந்திரத்தால் கட்டிப்போடும் ஒரு பெரியவர். அந்த மந்திரத்தை ஒருமுறை சொன்னால் அவருக்கே மறந்துபோகும், மறுநாள் காலையில் உட்கார்ந்து திரும்ப மனப்பாடம் செய்தால்தான் வரும். பனங்காட்டில் ஒரு கருஞ்சிறுத்தை; அதன் தோளிலிருந்து இரண்டு நீளக் கைகள் வளைந்து நீளும். கடலுக்கடியில் தானாகவே வெளிச்சம் போடும் உலோக மாளிகை. அதில் உலகத்தோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட ஓர் இளவரசன். போதாததற்கு, ஊர்க் குளத்துக்கு அடியில் யார் கட்டினார்கள் என்றே தெரியாத ஒரு நகரம்.

"இதுல எங்க ராக்கெட் இருக்கு?" என்கிறான்.

ராக்கெட்டைத் தேடுவதுதான் தப்பு. ராக்கெட் இருந்தால் கண்டுபிடிக்க ஆளே வேண்டாம். கைகாக்ஸ் எழுதி 1980இல் வந்த 'எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்' என்ற ஆட்டக்கதையில், வாளும் கேடயமும் ஏந்திய வீரர்கள் மலைக்குள்ளே ஒரு குகை என்று நினைத்து நுழைவார்கள். அது விழுந்து நொறுங்கிய விண்கலம். வண்ண அட்டைகள்தான் அதன் சாவி. கதிர்த் துப்பாக்கியை நடத்துபவர் பெயர் சொல்லித் தரமாட்டார், படத்தை மட்டும் காட்டுவார். எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஆடுகிறவர்கள் தவித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அருமையான குறும்பு. அங்கே அறிவியல் புனைகதையின் தாக்கம் எல்லோருக்கும் தெரியும்படி நடு முற்றத்தில் நிற்கிறது. நாம் பார்க்க வேண்டியது, சங்க கால வேட்டியைக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்பதை.

தாக்கம் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு களத்தில் பேசுகிற நாய் வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழங்கதைகளில் எல்லா மிருகமும் பேசும். ஆனால் அந்த நாய் இயந்திர நாயாக இருந்து, புத்தகம் படித்து, எஜமானரைக் கிண்டலும் செய்தால், தமிழ் படித்த எவருக்கும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ ஞாபகம் வந்துவிடும். களத்தை எழுதினவர் சுஜாதாவை நேரே படித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. படித்தவர் சொல்லக் கேட்டிருக்கலாம், அதைப் பார்த்துச் செய்த வேறொன்றைப் பார்த்திருக்கலாம். பொதுவான சாயல் எதையும் நிரூபிக்காது. வேறு எங்கும் இல்லாத விவரம் ஒன்று அப்படியே வந்து நின்றால்தான் தடம் கிடைத்தது என்று அர்த்தம்.

கருஞ்சிறுத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். "இது ஆட்டப் புத்தகத்துல இருக்குற மிருகம் மாமா, டிஸ்ப்ளேசர் பீஸ்ட். பேரை மட்டும் தமிழாக்கினேன்." சரி, ஆட்டப் புத்தகத்துக்கு அது எங்கிருந்து வந்தது? 1939 ஜூலையில் 'அஸ்டவுண்டிங்' என்ற அமெரிக்க இதழில் ஏ.இ. வான் வோட் எழுதிய 'பிளாக் டெஸ்ட்ராயர்' என்ற கதை வெளியானது. செத்துப்போன ஒரு கோளில் மனிதர்களின் விண்கலம் இறங்குகிறது. அங்கே பசியோடு ஒரு ஜீவன்: கருப்பு, பூனை ஜாடை, தோளிலிருந்து முளைத்த, நுனியில் உறிஞ்சிகள் கொண்ட கைகள். 1975இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் துணைப் புத்தகம் ஒன்றில் அதே தோள், அதே கைகள். கால் மட்டும் ஆறாகியிருக்கிறது. சிறுத்தை எல்லாக் காட்டிலும் உண்டு, தோளில் கை முளைத்த சிறுத்தை அந்தக் கதையில்தான் உண்டு. ஆக, நம் பனங்காட்டில் திரிவது ஒரு வேற்றுக்கோள் பிராணி. இவன் வான் வோட்டின் பெயரையே அன்றுதான் கேட்டான்.

மந்திரம் இன்னும் சுவாரசியம். சொன்னதும் மறந்துபோகும் மந்திரம் என்பது நம்முடைய மரபில் இல்லை. நமக்கு மந்திரம் உருவேற ஏற வலுக்கும். லட்சம் முறை சொன்னவருக்கு மரியாதை. ஒருமுறை சொன்னதும் மனசிலிருந்து அழிந்துபோவது ஜாக் வேன்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கற்பனை. 1950இல் வந்த அவருடைய 'தி டையிங் எர்த்' நடப்பது எண்ணிப்பார்க்க முடியாத தூர எதிர்காலத்தில். சூரியன் மங்கி, இன்றோ நாளையோ அணைந்துவிடும் என்ற நிலை. ஒரு காலத்தில் மக்கள் பெரிய கணித வித்தையாகக் கையாண்ட ஒன்றின் மிச்சம்தான் மந்திரம். ஒரு மந்திரவாதியின் மூளையில் சில மந்திரங்களுக்குத்தான் இடம் உண்டு. சொன்னால் அந்த இடம் காலி. இதைத்தான் கைகாக்ஸ் தன் ஆட்டத்துக்கு விதியாக்கினார். மந்திரவாதி காலையிலேயே யோசித்து, இன்றைக்கு நெருப்பா, கதவு திறப்பதா என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நெருப்பை எடுத்துப்போன நாளில் பூட்டிய கதவு வந்தால் அவன் பாடு திண்டாட்டம். ஆட்டத்துக்கு அந்தத் திண்டாட்டம்தான் உயிர். 1979இல் வந்த நடத்துபவர் கையேட்டின் கடைசியில், தன்னைப் பாதித்த புத்தகங்களைக் கைகாக்ஸ் ஒரு பட்டியலாகவே போட்டார். முக்கியமாகச் சொன்ன பெயர்களில் வேன்ஸும் ஒருவர். ஆட்டத்தில் வரும் வெக்னா என்ற சாகாத மந்திரவாதியின் பெயரும் வேன்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டதுதான். (அந்தப் பட்டியலையும் முழுதாக நம்பிவிட முடியாது. வான் வோட்டின் பெயர் அதில் இல்லை.)

இங்கேதான் மருமகன் ஒரு துருப்பை இறக்கினான். "மார்கோ போலோவைப் படிச்சீங்களா மாமா? நம்ம மன்னார் வளைகுடா பத்தி எழுதியிருக்காரே!"

எழுதியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைக் கண்டவர் அவர். முத்துக்குளிக்கப் போகிற தோணிகளோடு, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களையும் கூட்டிப்போவார்கள் என்கிறார். கிடைத்ததில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. கட்டு அன்றைய பகலுக்கு மட்டும்தான், ராத்திரியானால் அவிழ்த்துவிடுவார்கள்.

"பாத்தீங்களா? ஒரு நாளைக்கு ஒரு மந்திரம். டி அண்ட் டி நம்ம ஊர்லேருந்து போனது!"

எல்லாமே நம்மிடமிருந்து போனது என்று சொல்வதில் நமக்கு ஒரு தனி சந்தோஷம். அதற்கு வெறும் ஒற்றுமை போதாது, ஒரு வழி வேண்டும்: யார் படித்தார், எதை, எப்போது? கைகாக்ஸ் தானாகவே விரல் நீட்டி வேன்ஸைக் காட்டுகிறார். அந்த வழி தெளிவாகக் கிடக்கிறது. மார்கோ போலோவிலிருந்து அவர் வரைக்கும் அப்படி ஒரு வழி இல்லை. அதைவிட முக்கியம், அந்தந்த இடத்தில் அந்த மந்திரம் என்ன வேலை செய்கிறது என்பது. முத்துக்கரையில் ராத்திரி கட்டை அவிழ்த்துவிட்டால் சுறா காவல் நிற்கும். எவனும் திருட்டுத்தனமாக முங்க மாட்டான். அது சொத்துக்கான காவல். வேன்ஸிடம் அது அறிவு தேய்ந்துபோன காலத்தின் அடையாளம். கைகாக்ஸிடம் அது ஆட்டத்தைச் சமப்படுத்தும் கணக்கு. மேலே ஒரே தோல், உள்ளே மூன்று வேறு எலும்புக்கூடு.

அதே சமயம், நோட்டில் இருந்த பெரியவர் இரண்டும் கலந்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுறாவைக் கட்டுவது மன்னார், மறந்துபோவது வேன்ஸ். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவரை முழுவதுமாகச் சங்க காலம் என்று பெயர் போட்டு விற்கக் கூடாது.

அடுத்தது கடலடி மாளிகை. இதில்தான் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் இது நம் கடலைச் சுற்றிக்கொண்டு வந்த ஒன்று. ஜூல் வெர்ன் 1870இல் வெளியிட்ட 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலில், நாட்டிலஸ் என்ற மின்சாரக் கப்பலின் தலைவன் கேப்டன் நீமோ தன் விருந்தாளிகளை மன்னார் வளைகுடா முத்துப்பாருக்குக் கூட்டிவருகிறான். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு கடலடியில் நடந்துபோகிறார்கள். ராட்சதச் சிப்பி ஒன்றுக்குள் தேங்காய் அளவு முத்து வளர்ந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறான். பிறகு ஒரு காட்சி: கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஓர் ஏழை இந்தியனை, எந்தக் கருவியும் இல்லாமல் மூச்சை அடக்கி முங்குகிறவனை, அவர்கள் மறைந்திருந்து பார்க்கிறார்கள். சுறா வருகிறது. நீமோ கத்தியோடு பாய்கிறான். சுறாவைக் கடைசியில் கொல்வது விருந்தாளிகளில் ஒருவனான நெட் லேண்டின் ஈட்டி. மயங்கிய முங்காளியை மேலே கொண்டுவந்து தெளியவைத்து, அவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான் நீமோ.

ஏன் கொடுத்தான் என்பது 1875இல் முடிந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் முழுசாக விளங்கும். நீமோ ஓர் இந்தியன். பண்டேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசன் டாக்கர். திப்பு சுல்தானின் உறவினன் என்றுகூட வெர்ன் எழுதினார். 1857 கிளர்ச்சியில் சண்டையிட்டு, குடும்பத்தைப் பறிகொடுத்து, வெள்ளைக்காரன் கால் படாத ஒரே இடம் என்று கடலுக்கடியில் போனவன். உலகத்தோடு பேச்சை முறித்த இளவரசன், தானாக வெளிச்சம் போடும் உலோக வீடு, முத்துப்பார். இவன் நோட்டில் இருப்பதும் அதே மூன்றும்தான். "நான் வெர்னைத் தொட்டதே இல்லையே" என்றான். தொட வேண்டாம். நூற்றைம்பது வருஷமாகப் படம், சித்திரக்கதை, வீடியோ கேம் என்று கை மாறி மாறி வந்திருக்கிறது. 1988இல் ஃபிராங்க் சாட்விக் செய்த 'ஸ்பேஸ்: 1889' என்ற மேசை ஆட்டம் முழுக்கவே வெர்னும் எச்.ஜி. வெல்ஸும் போட்ட பாதையில் நடப்பது.

வெர்ன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஐரோப்பியர்கள் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவற்றைப் படித்து எழுதினார். நம் முங்காளியின் மூச்சு அவர்கள் புத்தகத்துக்குப் போய், அங்கிருந்து நாவலுக்கு, நாவலிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து பெங்களூரில் ஒரு வாடகை அறைக்கு, அங்கிருந்து திரும்பவும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம்மிடமிருந்து போனது என்று மார் தட்ட ஆசையென்றால் இதைச் சொல்லித் தட்டலாம், தடம் இருக்கிறது. எதிர்க்கரையிலும் ஒருவர் இருந்தார். 1956இல் இலங்கைக்கு முங்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஆர்தர் சி. கிளார்க். 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலுக்காக அந்தத் தீவையே கொஞ்சம் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, அதிலிருந்து வானத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டினார். இது இன்னும் நோட்டில் வரவில்லை. எப்படியும் வரும்.

கடைசியாகக் குளத்துக்கு அடியில் இருக்கும் நகரம். ஒரு களத்தைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதன் அடிமட்டம் வரை தோண்டிப்பார்ப்பது. நிஜமான கொற்கையை 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது; 2021இல் மறுபடியும் தோண்டினார்கள். கருப்பு-சிவப்புப் பானை ஓடு, உறைகிணறு, அறுத்த சங்கு கிடைத்தன. கரித்துண்டின் காலக்கணிப்பு கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை போனது. தாமிரபரணி கொண்டுவந்து போட்ட மண்ணால் கடல் விலகிப்போய், துறைமுகம் பழையகாயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் இடம் மாறியது. எவ்வளவு ஆழம் போனாலும் கிடைப்பது நம்மைப் போன்ற மனுஷர்தான், இன்னும் எளிமையான கருவிகளோடு. கீழே போகப் போகக் கருவி எளிதாகும். வரலாறு அப்படித்தான் கிடக்கும்.

புராணக் களத்தில் அடியில் தெய்வம் இருக்கும். அறிவியல் புனைகதை நுழைந்த களத்தில் கீழே போகப் போகக் கருவி நுட்பமாகிக்கொண்டே போகும். மேலே வில் அம்பு. கீழே யாருக்கும் இயக்கத் தெரியாத இயந்திரம். அதாவது, அந்த உலகத்தின் பழங்காலம் நமக்கு எதிர்காலம்.

இதற்குச் சரியான உதாரணம் டெக்கூமெல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த மறு வருஷமே, 1975இல், 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்ற பெயரில் வந்த ஆட்டத்தின் களம் அது. எழுதியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். மொழியியலாளர், 1950களின் தொடக்கத்தில் நம் துணைக்கண்டத்துக்கு ஆய்வுக்கு வந்து, இஸ்லாத்தைத் தழுவி, பின்னாளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் பாடம் நடத்தியவர். உருது, பலூச்சி கற்க அவர் எழுதிய பாடநூல்கள் உண்டு. டெக்கூமெலைத் திறந்தால் கோயில் நகரங்கள், குலங்கள், பூசாரிகள், யார் முன்னால் யார் உட்காரலாம் என்ற கட்டுப்பாடு. ஐரோப்பியக் கோட்டையும் குதிரைவீரனும் கிடையாது. நமக்கு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அந்த உலகத்தில் இரும்பு ஏன் தங்கம் மாதிரி அபூர்வம் என்று கேட்டுப்பாருங்கள். பதப்படுத்திக் கெட்டியாக்கிய மிருகத் தோலில் வாளும் கவசமும் செய்கிறார்கள். ராத்திரி வானத்தில் நட்சத்திரமே இல்லை. காட்டோரத்தில் மனுஷரைக் கண்டாலே வெறுக்கும் ஜீவராசிகள் ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன. மூன்றுக்கும் பதில் ஒன்றே. நம் காலத்துக்குப் பல்லாயிரம் வருஷம் கழித்து விண்கலத்தில் வந்த மனிதர்கள் அந்தக் கோளைத் தங்களுக்கேற்ப மாற்றி, அங்கே முன்பே இருந்தவர்களை மூலையில் தள்ளினார்கள். கோளில் உலோகம் குறைவு. பிறகு ஒரு பேரழிவில் அந்தச் சூரிய மண்டலம் முழுவதுமே நம் அண்டத்திலிருந்து கழன்று, நட்சத்திரமில்லாத வேறொரு வெளிக்குள் விழுந்துவிட்டது. வெளியிலிருந்து உதிரிப்பாகம் வராது. கருவிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தொழில் தெரிந்தவர்கள் செத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் பூசாரிகள் ஆனார்கள். இந்த ஒரு அடித்தளத்திலிருந்து மேலே உள்ள எல்லாமே காரண காரியத்தோடு கிளம்புகிறது. பல்பும் ஒயரும் ஒட்டிவைப்பது அலங்காரம். ஒரு 'என்ன ஆகியிருக்கும்' என்ற கேள்வியைப் போட்டு, அதன் விளைவைச் சாப்பாடு வரை, சாதி வரை, ஆயுதம் வரை பிடித்துக்கொண்டு போவதுதான் அறிவியல் புனைகதையின் ஆழமான தாக்கம். வாள், மந்திரம், கோயில் எல்லாம் இருந்தும் டெக்கூமெல் எனக்கு அறிவியல் புனைகதையாகவே படுகிறது.

பார்க்கரைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1991இல் புனைபெயரில் வந்த ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியது அவர்தான் என்று, அவர் எழுத்துகளைக் காக்கும் டெக்கூமெல் அறக்கட்டளையே 2022இல் உறுதிசெய்தது. நம் கோயில் தெருவை அழகாக வரைந்தார் என்பதற்காக அந்த மனுஷனைத் தோளில் தூக்க வேண்டியதில்லை.

"அப்ப என் குளத்துக்கடியில என்னதான் வைக்க?" என்றான். அதைத்தான் அவன் எழுதாமல் விட்டிருந்தான். 'மர்மம்' என்று ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தான். மர்மம் என்பது பதில் ஆகாது. நடத்துபவருக்காவது விடை தெரிந்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து கடன் வாங்கத் தேவையில்லாத அளவுக்கு இந்தக் கரையில் சரக்கு கிடக்கிறது. 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பாரில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை; கடல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. 1973இல் இதே ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் ஓர் உருண்டை மணியையும் வேறொரு சிப்பியின் திசுத் துண்டையும் வைத்து, உருண்டையான முத்தை விளைவித்துக் காட்டினார்கள். இரண்டாயிரம் வருஷம் மூச்சை அடக்கித் தேடியதை ஆய்வுக்கூடத்துத் தொட்டியருகே வளர்த்த கதை இது. இன்னும் தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டினால் குலசேகரன்பட்டினம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும்; இங்கிருந்து சின்ன ராக்கெட்டுகள் நேரே தெற்கே கடல் மேலேயே போய்விடலாம். ஆயிரம் வருஷம் தள்ளி, கடல் இன்னும் விலகி, அந்த ஏவுமேடை மண்மூடிக் கிடப்பதாக வையுங்கள். அதன் மேல் ஒரு கிராமம், ஒரு குளம், ஒரு அம்மன். அந்த ஊர்ப் பூசாரி பங்குனி உத்திரத்துக்குப் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தீபம் காட்டுவார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. பேரியர் பீக்ஸில் செய்த மாதிரி, ஆடுகிறவர்களுக்கும் சொல்லாதீர்கள்.

அவன் எழுதிக்கொண்டான். களம் அமைக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தமிழில் இப்போதுதான் ஆளுக்கொரு நோட்டாகத் தொடங்கியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், படித்த புத்தகம், பார்த்த படம், ஆடிய ஆட்டம், பாட்டி சொன்ன கதை எல்லாவற்றையும் கைகாக்ஸ் போட்டது போல ஒரு பட்டியலாகப் போட்டுவிடுங்கள். வான் வோட்டையும் விட்டுவிடாதீர்கள்.